சாவிப் பெட்டி

வாசலில் தீயணைப்பு வண்டி நிற்பதைப் பார்த்ததும் மகனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'உங்க வீட்டுக்கு வண்டி போயிருக்கு' என்று அலுவலகத்துக்கு போன் வந்தபோதே பாதி உயிர் போயிருந்தது.

கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளிச்சுவரில் மாட்டியிருந்த சாவிப் பெட்டியும் திறந்திருந்தது. அப்பாவின் நாற்காலியில் ஆளைக் காணோம். தோளில் போட்டிருக்கும் துண்டு மட்டும் தரையில் விழுந்து கிடந்தது.

அய்யோ, காலையில்கூட நல்லாத்தானே இருந்தார்!

அந்தப் பெட்டிக்கு ஏற்பாடு செய்ததே அவன்தான். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்காகத் தீயணைப்பு நிலையம் நடத்தும் திட்டம். சாவி பெட்டிக்குள் இருக்கும், பெட்டியைத் திறக்கும் எண் நிலையத்தில் இருக்கும். ஆபத்தென்று கூப்பிட்டால் கதவை உடைக்காமல் உள்ளே வந்துவிடுவார்கள்.

அப்பா முப்பத்தைந்து வருடம் தெருத்தெருவாய் அலைந்த தபால்காரர். மகன் எதைச் சொன்னாலும் முறுக்கிக்கொள்கிறவர், இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெளிப்பூட்டுச் சாவியும் அதுல இருக்குமில்ல?"

"எல்லாச் சாவியும் இருக்கும்ப்பா. நீங்க கவலப்படாதீங்க."

இன்றைக்கும் கிளம்பும்போது வழக்கம்போலப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனான். பிள்ளையென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரரே மெச்சுவார்.

"அப்பா எங்க சார்? எந்த ஆஸ்பத்திரி?" கேட்கும்போதே அழுதுவிட்டான்.

தீயணைப்பு அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கையில் அந்த வெளிப்பூட்டு இருந்தது. பூட்டாலேயே தெருமுனையைக் காட்டினார். அங்கே சலூனில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு அப்பா! சலூன்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தார்.

மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"கல்லு மாதிரி இருக்காரு! முடி வெட்டிக்கவா வண்டியக் கூப்பிட்டாரு? அப்படி என்ன ஆபத்தாம்?"

"நாங்களும் அதத்தான் சார் கேட்டோம். 'ரெண்டு வருஷமா உள்ள மாட்டிக்கிட்டிருக்கேன் தம்பி'ன்னாரு."