முந்தின நாள் வலி

ஊசி குத்துவது தையல்காரிக்குப் புதிதில்லை. ஆனால் இப்போதெல்லாம் குத்தும்போது எனக்கு வலிப்பதில்லை. முந்தின நாளே வலித்து முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை மணிக்கட்டு எரிந்தது. செவ்வாய்க்கிழமை இஸ்திரிப் பெட்டி பட்டு அதே இடம் பொசுங்கியபோது ஒன்றும் தெரியவில்லை.

டாக்டரிடம் கை மரத்துப்போகிறது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தையும் சொன்னால் வேறு மாதிரி டாக்டரிடம் அனுப்பிவிடுவார். நரம்புக் கோளாறாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார்.

"நாளைக்குப் போலாமா வேணாமா? ஒரு முடிவச் சொல்லு," என்றார் கணவர், நீட்டி வளர்த்த சுண்டுவிரல் நகத்தால் காதைக் குடைந்தபடி. ஒரு வாரமாக இதே பாட்டுத்தான்.

"பாக்கலாம்," என்று மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருந்தது.

பாதி அடிப்பதற்குள் முதுகு முழுக்கச் சில்லென்று ஒரு பலகை பட்டது. முழங்கை மடிப்பில் ஊசி ஏறியது. ஆக, நாளைக்குப் போகத்தான் போகிறேன். யோசிக்கிற வேலை மிச்சம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

கடைசி மடிப்புக்கு வந்தபோது ஓர் உள்ளங்கை நெற்றியில் பதிந்தது. நடுங்கிக்கொண்டே கீழே இறங்கி, திறந்திருந்த என் கண்களின் இமைகளை மூடுவதுபோல அழுத்தியது. அதன் நீண்ட சுண்டுவிரல் நகம் இமையைக் கீறியது.

அதற்குப் பிறகு எதுவும் படவில்லை. மடிப்பை முடித்து நூலைக் கத்தரித்தேன்.

"என்ன, முடிவு பண்ணிட்டியா?" என்றார்.

"போலாங்க," என்றேன். "அதுக்கு முன்னாடி அந்த நகத்த மட்டும் வெட்டிக்கோங்க."