அறுபத்திரண்டு கிலோ

"மாமா, வெள்ளிக்கிழமை என் எலெக்ட்ரிக் கார் வந்துடும். முதல் ரவுண்டு உங்களத்தான் கூட்டிகினு போவேன். நீங்க எங்க அதுலெல்லாம் உட்கார்ந்திருக்கப் போறீங்க!" என்றான் பட்டு வியாபாரி சிவகுமார். "ஆமா, உங்க பொண்ணு மெட்ராஸ்ல இன்னும் ஊர் சுத்திகினுதான் இருக்காளா?"

"சுத்திகினுதான் இருக்கா," என்றார் சம்பந்தம், தறியில் நாடாவை வீசியபடி. "ஒரு தபா சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போகும்?"

"கம்பெனிக்காரன் நானூத்தம்பதுங்கறான். நிஜத்துல முந்நூத்திப் பன்னெண்டுதான். கார் பத்திரிகையில எழுதியிருக்காங்க. பக்கத்து சீட்டுல அறுபத்திரண்டு கிலோ வெயிட்ட வெச்சிகினு, ஏசி போட்டு, நம்ம ஆரணில இருந்து மெட்ராஸ் போயி திரும்பியிருக்காங்க. அத்த நம்பித்தான் புக் பண்ணேன்."

"யாரு எழுதினதாம்?"

"எஸ்.டி.பி.னு போட்டிருக்கு. கில்லாடி ஆளு மாமா! வெயிட்டுக்குப் பட்டு நூல் மூட்டைய வெச்சிருப்பாரு போல."

சம்பந்தம் நாடாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எஸ்.டி.பி.ன்னா எங்க தேவிப்ரியா. ஊர் சுத்தறதுதான் அவளுக்கு வேலை. சம்பளமும் குடுக்கறாங்க."

சம்பந்தம் மறுபடியும் நாடாவைக் கையில் எடுத்தார்.

"இன்னொண்ணு, அது மூட்டை இல்லப்பா. அந்த அறுபத்திரண்டு கிலோ நான்தான்."