மூணாம் நம்பர் மெஷின்

"சல்மா முடியாதுன்னுட்டாங்க திலகா. நான் என்ன செய்ய?"

தன் மூணாம் நம்பர் மெஷினை விட்டு நகராமலே கையை விரித்தார் லைன் லீடர் மகேந்திரன்.

அசாம் ஜாவாவில் அந்த பிஸ்கட் தொழிற்சாலை தைப்பூசத்துக்கும் ஓடும். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் இடத்தில் இந்தியர்கள் நிற்பார்கள். தைப்பூசத்துக்கு இந்தியர்கள் இடத்தில் மலாய்க்காரர்கள் வந்து நிற்பார்கள். ஆள் மாற்றிவிடுவது லைன் லீடர்.

"அண்ணே, பெருநாளுக்கு சல்மா இடத்துல நான்தானே நின்னேன்?"

"அவங்க அப்படித்தான்லா. நம்ம சாமின்னா இளக்காரம்."

வீட்டில் மகன் குகனுக்கு முடி கண்ணை மறைத்தது. பிறந்த மாதமே ஐ.சி.யு.வில் கிடந்த பிள்ளை. பிழைத்தால் தைப்பூசத்தன்று பத்துமலையில் மொட்டை என்று வேண்டுதல். போன வருஷமும் லீவு கிடைக்கவில்லை.

"சாமி எத்தன தடவ பொறுக்கும்?" என்றார் மாமியார்.

குகன் தும்மினாலே திலகா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தைப்பூசத்தன்று காலை வேலைக்குப் போனாள். உள்ளே சல்மா! திலகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திலகா! நீ ஏன் இங்கே?" சல்மா மலாயில் கத்தினாள். "பிள்ளைக்கு மொட்டை?"

"நீங்கதானே முடியாதுன்னீங்க, காக்?" மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நானா? மகேந்திரன் கேட்ட உடனே சரின்னேன். இன்னிக்கு எனக்கு ஓஃப் டே லா. உனக்காகத்தான் ஜெராம்லேர்ந்து வந்தேன்."

"எனக்காகவா?"

"உன் பேரைச் சொல்லித்தான் கேட்டார். மூணாம் நம்பர்ல நிக்கச் சொன்னார். உன்னை அங்க மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

திலகா மகேந்திரனின் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பவே ஓடு! நான் ரெண்டையும் பார்த்துக்கறேன்."

"முடியாது காக். ஒரு மெஷினுக்கு ஒரு ஆள் வேணும்."

பெல் அடித்தது. பெல்ட் நகர ஆரம்பித்தது.

டீ நேரத்தில் திலகாவின் போன் சிணுங்கியது. தொழிற்சாலைத் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம். பத்துமலைப் படியில் மஞ்சள் வேட்டியோடு மகேந்திரன், தோளில் பால்குடம்.

கீழே எழுதியிருந்தார்: "வேலையில மாட்டிக்கிட்ட நம்ம ஆளுங்க எல்லாருக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன்."