முகத்துக்கு நேரே

ரொறொன்ரோவின் பழைய யூதத் தெருக்களைச் சுற்றிக்காட்டிய பெண், கென்சிங்டன் தொழுகைக்கூட வாசலில் நின்றாள். யூதர் என்றால் வாடகைக்கு வீடு இல்லையென்று அந்தக் காலத்தில் வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்களாம்.

கூட்டத்தோடு நின்று கேட்ட கனகேந்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"உவங்களும் மனுசரோ? இனம் பாத்தோ வீடு குடுக்கிறது!" என்று நண்பர் தவராசாவிடம் பொருமினார்.

போன் அடித்தது. மனைவி.

"இஞ்சருங்கோ, எங்கட பேஸ்மென்ற் வீட்டை வாடகைக்குப் பாக்க ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருக்கு. நல்ல வேலை, அமைதியான பிள்ளையள்."

"ஊரில எவடமாம்? எங்கட ஆக்களோ?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "இல்லைப் போல கிடக்கு."

"அப்ப வீடு குடுத்தாச்சு எண்டு சொல்லும். காரணம் சொல்லிப்போடாதையும்."

போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"பாவமடாப்பா அந்தச் சனம். முகத்துக்கு நேரையே சொல்லியிருக்கிறாங்கள், பண்பில்லாதவங்கள்!"