முதலியார் மூன்று தடவை படித்த புத்தகம்

“இதுல பிளேடு போட்டது யாரு?”

குப்புசாமி முதலியார் போட்ட சத்தத்தில் வாசகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

சத்தம் போடமாட்டாரா பின்னே? நம் தேசத்துக் கலாசார வரலாறு, பன்னிரண்டு பாகம். அவர் அப்பா வாங்கி வைத்தது. அதில் முதல் ஆறைப் போன மாசம்தான் பெரிய மனசு பண்ணிக் காஞ்சிபுரத்து ஜனங்களுக்குக் கொடுத்தார். மாலை என்ன, மேடை என்ன. “பன்னிரண்டையும் மூணு தடவை வரிவிடாமப் படிச்சவன் நான்” என்று அவர் மைக்கில் சொன்னதற்கு அப்படி ஒரு கைதட்டல்.

இப்போது முதல் பாகத்தின் தாள் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது.

லைப்ரரியன் அர்ஜுனன் அவசரமாகப் பதிவேட்டைப் புரட்டினார். “இதை எடுத்துக்கினு போனது ஒரே ஆளுதாங்க. பட்டு நெய்யற கமலாட்சி. தோ, அந்தம்மாவே வருது.”

“ஏம்மா, நீயா இதை அறுத்தது?”

“ஆமாங்க. தறியில இழை அறுக்கற பிளேடாலதான்” என்றாள் கமலாட்சி, வெகு சாதாரணமாக.

“திமிரைப் பார்த்தியா அர்ஜுனா? மூணு தடவை படிச்சும் ஒரு தாள் கசங்காம வெச்சிருந்தேன். மீதி ஆறு பாகம் இனிமே என் வீட்டு வாசப்படி தாண்டாது.”

கமலாட்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலியார் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று கையைக் கூப்பிவிட்டாள்.

“தப்புதாங்கய்யா. புத்தியில்லாம செஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க.”

அத்தனை பேர் முன்னால் ஒரு கும்பிடு. முதலியார் குளிர்ந்துபோனார். “சரி சரி, போ. மீதியையும் நாளைக்கே அனுப்பறேன். இனிமேலாவது ஒழுங்கா இரு.”

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அர்ஜுனன் பிடித்துக்கொண்டார். “சரஸ்வதியை அறுக்க எப்படிம்மா மனசு வந்துச்சு?”

கேட்டபடியே இரண்டாம் பாகத்தை எடுத்துப் பிரித்தார். பிரியவில்லை. அச்சாபீசில் மடித்தது மடித்தபடி, தாள்கள் இரண்டிரண்டாக விளிம்பு சேர்ந்து கிடந்தன. மூன்றாம் பாகமும் அப்படியே. அறுக்காமல் உள்பக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. இத்தனை நாளும் மேலே தூசி தட்டியதோடு சரி, அர்ஜுனனும்தான் எங்கே திறந்து பார்த்தார்?

அர்ஜுனனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மூணு தடவை படிச்சாராமே. மூஞ்சிக்கு நேரா சொல்றதை விட்டுட்டு ஏம்மா கும்பிட்டுக்கினு நின்னே?”

கமலாட்சி இரண்டாம் பாகத்தை வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா மீதி ஆறும் வந்திருக்குமாண்ணா? முதல் பாகத்துப் பட்டியல்ல பார்த்தேன், நம்ம காஞ்சிபுரம் எட்டாம் பாகத்துலதானே இருக்குது.”