நாற்பத்தொன்று வரை

விரல்களை முக்கியெடுத்த தண்ணீரைக் கருவிக்குள் அனுப்பிவிட்டு, சுத்தம் சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல்கள் ஊசி அக்காவுடையவை. கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்தவர். அந்தத் தண்ணீரில் துத்தநாகம் இருந்தால் சாயங்காலத்தோடு அவருக்கு வேலை இல்லை. பேராசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறும் பெண்களுக்கு ரத்தத்தில் துத்தநாகம் குறைகிறதா என்பதுதான் ஆய்வு. இரும்புக்குத் துரு மாதிரி உடம்புக்குள்ளும் ஓர் அரிப்பு உண்டு. அதைத் தடுத்து நிறுத்துகிறவற்றில் துத்தநாகமும் ஒன்று. இருப்பதென்னவோ இம்மியளவு. வெளியிலிருந்து ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலும் எண் கெட்டுவிடும்.

அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். பவுடர் பூசி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவார். காவலாளி துத்தநாகம் கலந்த பொடுகு ஷாம்பூ போடுகிறார் என்று தெரிந்ததும் ஒரு வாரம் அவரை உள்ளே விடவில்லை. மனுஷன் தன் நிழலையும் அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் ஆய்வகத்தில், நாற்பத்திரண்டாம் குழாயிலிருந்து எல்லா எண்களும் இரண்டு மடங்கு.

இருபத்தாறு பெண்கள். பாதிப் பேருக்குப் பிரசவமே முடிந்துவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை.

நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே ஆய்வகம் பதினாறு நாள் பூட்டியிருந்தது. திறந்தபோது குழாய்கள் புதுசு, கையுறைகள் புதுசு, ஊசி அக்காவும் புதுசு. குழாய்களைச் சோதித்தார், குற்றமில்லை. கையுறைகளிலும் இல்லை. ஒன்று கருவி பழுதாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அக்கா. கருவியாக இருந்துவிடக் கூடாதா என்று அவருக்கு உள்ளூர ஓர் ஆசை. ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை.

திரையில் எண் வந்தது. இல்லை என்றே சொல்லலாம், அவ்வளவு குறைவு.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் அதுவரை நின்றுகொண்டிருந்ததே தெரிந்தது.

"உங்க கையையும் ஒரு தடவை பாத்துடலாமே சார்."

ஒப்புக்குத்தான் முக்கினார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை, அவர் உட்பட.

எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய், கருவியால் அளக்க முடியாத இடத்தில் நின்றது.

கையுறை மாட்டும்போது அதன் வெளிப்பக்கத்தை வெறுங்கைதானே தொடுகிறது. அது அவருக்குத் தெரியாததல்ல. மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவரே அவர்தான்.

அக்கா எட்டிப் பார்த்தார். "நகத்துக்குள்ள வெள்ளையா ஒட்டியிருக்கே சார். குழந்தைக்குப் புண்ணுக்குப் போடுற களிம்பா?"

அவர் தலையசைத்தார். தினமும் காலையில் ஈரத்துணி மாற்றிவிட்டுப் போடுகிற களிம்பு. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவார். ஆனால் ஈரத்தில் கரையாமல் தோலோடு ஒட்டிக்கிடப்பதுதான் அதன் வேலையே. டப்பாவின் பின்பக்கத்தில் முதல் பெயராகத் துத்தநாகம்தான் போட்டிருக்கிறது. ஒன்றரை மாதமாக அந்த டப்பாவைத் திறந்து மூடியவர், ஒரு நாளும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்களா துணி மாத்துறீங்க? உங்க வீட்டம்மா கொடுத்து வச்சவங்க சார்."

வேலை தப்பித்த சந்தோஷத்தில் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, புதிதாக வந்தவர்.

சுத்தம் சார் பதிவேட்டை எடுத்தார். நாற்பத்தொன்றுக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே உள்ளவை செல்லாது என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'என் கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோட்டுக்கு மேலே உள்ளவை செல்லும்.

குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது யாருடைய ரத்தம் என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஒன்றே ஒன்று அவருக்குத் தெரியும். நாற்பத்தொன்றாம் குழாயைப் பிரசவ வார்டிலிருந்து அவரே கையில் வாங்கிவந்தார். அந்த வாரமே அதே வார்டிலிருந்து குழந்தையை மட்டும் வீட்டுக்குத் தூக்கிப்போனார்.

பட்டியலிலேயே மிகக் குறைந்த எண் அதுதான். கருவி முன்பிருந்தே பழுது என்றால் அதுவும் பொய்யாகியிருக்கும்.

கருவியில் பழுதில்லை. அதை அளந்த அன்று அவர் கையில் களிம்பும் இல்லை.