புள்ளி இல்லாத அடி

மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடிக்க அரை நிமிடம் இருந்தது. ராமர் என் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே திட்டினான்.

"தோள்ல அடிச்சா புள்ளி கிடையாதுய்யா அடைக்கலம்! ஆறு நிமிஷமா அங்கேயே அடிச்சிட்டிருக்கியே, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

பதில் சொல்ல மூச்சில்லை. மூச்சு இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எதிர் மூலையில் சேக் மைதீன் பாய் ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் என்றைக்கும் உட்கார மாட்டார். எனக்கோ எழுந்திருக்கவே கயிறு வேண்டியிருந்தது.

இரண்டு பேரும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷெட். நான்கு வருடமாக மே மாதம் வந்தால் இந்த மைதானத்தில் நடக்கும் குத்துச்சண்டையில் அவரோடு மோதுகிறேன், தோற்கிறேன். ஒரு தடவைகூட அவர் என்னைக் கீழே தள்ளியதில்லை. என்னை அடிக்க விடவில்லை, அவ்வளவுதான்.

காற்றை அடித்து அடித்து ஓய்ந்து போவது போல ஒரு கேவலம் உலகத்தில் இல்லை. அடி வாங்கினாலாவது வீட்டில் ஒத்தடம் கொடுப்பார்கள்.

பாய் ஓடி ஒளிகிற ஆள் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்பார். இடது தோளைக் கொஞ்சம் உயர்த்தி, முகவாயை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்வார். நாம் எங்கே குத்தினாலும் அந்தத் தோள்தான் நம் கைக்குக் கிடைக்கும். அடுத்த நொடி அவருடைய வலது கை நம் மூக்கில் இருக்கும்.

அவரை ஜெயிக்க ஷெட்டில் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். வயிற்றைப் பார் என்றார்கள். மூலையில் மடக்கு என்றார்கள். அடிக்கிற மாதிரி காட்டிவிட்டு அடிக்காதே என்று ஒரு மேஸ்திரி சொன்னார். அதையும் செய்தேன். நான் அடிக்காத நேரத்தில் பாய் அடித்தார்.

எனக்கு வயது முப்பத்தாறு. இவரை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும், பிறகு கிளவுஸைத் தொட மாட்டேன் என்று என் மனைவி பொன்னுத்தாயிடம் சத்தியம் செய்திருந்தேன். பாயும் தன் வீட்டில் அதே மாதிரி ஒன்று சொல்லி வைத்திருந்தார், தோற்கிற அன்றைக்கு நிறுத்திவிடுவேன் என்று. ஏழு வருடமாக யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை.

இந்த வருடம் எனக்குப் புது யோசனை ஒன்று வந்து சேர்ந்தது. சொன்ன ஆள் குத்துச்சண்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. முகத்தைத் தேடாதே, வயிற்றைத் தேடாதே, அந்த இடது தோளையே அடி, ஆறு நிமிடம் பொறுத்துக்கொள், பிறகு கை தானாக இறங்கும் என்பதுதான் யோசனை.

மணி அடித்தது.

தோளில் ஒன்று. தோளில் இன்னொன்று. கூட்டம் சிரித்தது. எவனோ ஒருவன் 'அடைக்கலம், சுவத்துல ஆணி அடிக்கிறியா?' என்று கத்தினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கைகளே எனக்குப் பாரமாக இருந்தன.

ஒரு நிமிடம் போயிருக்கும். பாயின் தோள் இரண்டு விரற்கடை இறங்கியது.

முகவாய் தெரிந்தது. நான்கு வருடத்தில் அதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. நரைத்த முள்தாடி இருந்தது.

வலது கையை விட்டேன். விழுந்தது! மறுபடி விட்டேன், மறுபடியும் விழுந்தது. பாய் இடது கையைத் தூக்கப் பார்த்தார், அது எழும்பவில்லை. கடைசி மணி வரைக்கும் எண்ணாமல் அடித்தேன்.

ரெஃப்ரி என் கையைத்தான் உயர்த்தினார். ராமர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

உடை மாற்றுகிற அறையில் பாய் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆணியில் தொங்கிய அவருடைய சட்டையை எடுத்தேன். இடது கையை முதலில் நுழைத்தேன். அதைத் தூக்க விடாமல் முதுகுப் பக்கமாகச் சட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து வலது கையை மாட்டினேன். பொத்தானையும் போட்டேன்.

அவர் கேட்கவே இல்லை. நானாகச் செய்தேன்.

மூன்றாவது பொத்தானில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கையைத் தூக்கி நான் சட்டை மாட்டி ஒரு வருஷம் ஆகுது. டாக்டருக்குத் தெரியாது, ஷெட்ல ஒருத்தனுக்கும் தெரியாது. தினம் இதே மாதிரி மாட்டி விடறவளுக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் பாயின் மனைவி நஜீமா எங்கள் வீட்டுக்கு வந்து, பொன்னுத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் ஒரு வருடம் குத்தினால் வேலைக்கும் உதவாமல் அந்தக் கை போய்விடும், அந்தத் தோளையே அடித்து எப்படியாவது அவரைத் தோற்கடிக்கச் சொல்லுங்கள் அக்கா என்று அழுதுவிட்டுப் போனாள். அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. என் முகம் சொல்லியிருக்க வேண்டும்.

பாய் மீதிப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். கிளவுஸ் இரண்டையும் எடுத்து என் கையில் வைத்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நஜீமாவுக்குத் தெரிய வேண்டாம், அடைக்கலம். பாவம், பயந்துக்குவா."